மாத்திரையா, டிரிப்ஸா? குரோன்ஸ் நோய்க்கு ஒரு கணக்கு

என் மச்சினனுக்கு வயது 24, ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலை, மூன்று வருஷமாகக் குரோன்ஸ் நோய், அதாவது குடல் அழன்று புண்ணாகும் நீண்டகால நோய். சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவில் எங்கே வண்டியை நிறுத்தி ஒதுங்கலாம் என்பது அவனுக்கு மனப்பாடம். ஸ்டீராய்டைக் குறைத்தால் வயிற்றுப்போக்கு திரும்புகிறது. டாக்டர் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இரண்டு வழி சொன்னார்: அசதியோப்ரின் மாத்திரை, இல்லாவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் டிரிப்ஸ்.

இதில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2010-ல் வெளியான சோனிக் ஆய்வு. 508 பேர். 26-வது வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் மாத்திரையில் 30%, டிரிப்ஸில் 44.4%, இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 56.8%. டிரிப்ஸ் கம்பெனியின் பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அசதியோப்ரின் வேலையைக் காட்டவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ஆறு மாதக் கணக்கு அதற்குக் கொஞ்சம் பாதகம்தான்.

சரி, மாத்திரைக்கு வக்காலத்து வாங்கலாம் என்று பார்த்தால் 2013-ல் வந்த ஸ்பெயின் ஆய்வு குறுக்கே நிற்கிறது. நோய் புதிதாகத் தெரிந்த 131 பேரை 76 வாரம் கவனித்தார்கள், ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் அசதியோப்ரினில் 44.1%, மருந்தில்லாத வெற்று மாத்திரையில் 36.5%. அந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் அதன் கணக்கு. ஆனால் அவர்கள் புது நோயாளிகள், இவன் பழைய ஆள். அப்படியே பொருத்திவிட முடியாது.

மாத்திரை என்றால் மலை இறங்க வேண்டாம் என்று நினைத்திருந்தான். அப்படி இல்லை, வெள்ளையணு விழுகிறதா என்று முதல் மாதம் வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும். இந்த மாத்திரையில் அதை எளிதாக விழவைக்கும் NUDT15 மரபணு மாற்றம் நம்மூர்க்காரர்களிடம் அரிது இல்லை, முன்கூட்டியே சோதிக்கலாம். டிரிப்ஸுக்கோ 0, 2, 6-வது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை: முதல் வருஷம் எட்டே இறக்கம். செலவை மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு டிரிப்ஸ் பக்கம்தான் சாய்வு. இரண்டையும் சேர்க்கத்தான் பயம்: அரிதான ஒரு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) பெரும்பாலும் இளம் ஆண்களுக்கே வருகிறது. அதற்கும் முன்னால் காசநோய் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தூங்கிக்கொண்டிருப்பதை இன்ஃப்ளிக்ஸிமாப் எழுப்பிவிடும், குடல் காசநோயே குரோன்ஸ் மாதிரி வேஷம் போடவும் செய்யும்.

“எக்ஸ்ரே எடுக்கப் பஸ்லயே வந்துடட்டுமா மாமா?” என்றான். பைக்கில் வா என்றேன், நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.