கோத்தகிரி ஏற்றத்தில் முந்நூறு ரூபாய்

மெல்பர்னிலிருந்து ஆறு வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். விமானம், சிம் கார்டு, இ-பாஸ் எல்லாம் ஒழுங்காக நடந்தது, விடுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ஏற்றத்தில் நடந்ததுதான் இன்னும் மனதை அரிக்கிறது. எந்த வளைவு என்று சொல்லப் போவதில்லை. என் மச்சான் வாரா வாரம் அந்த வழியாகத்தான் போகிறான்.

வண்டி அவனுடையது. டீ குடித்துவிட்டு ஏறியவன் பெல்ட்டை மறந்துவிட்டான். போலீஸ்காரர் கை காட்டினார். தப்பு எங்கள் மேல்தான். அபராதம் 1000 ரூபாய், சலான் போடும் மெஷினும் அவர் கையில் இருந்தது.

"இதுல போட்டா ஆயிரம் சார். ஐநூறு குடுத்துட்டுப் போங்க."

"சலானே போடுங்க சார்" என்றேன். மச்சான் என் தொடையைக் கிள்ளினான். "மாப்ள, நீ சும்மா இரு." இறங்கிப் போய் முந்நூறில் முடித்தான்.

அப்பா காலத்தில் ஆர்.சி. புக்குக்குள் பத்து ரூபாயை மடித்து வைத்து நீட்டுவார். புக் திரும்பி வரும், நோட்டு வராது. அந்த வித்தையாவது மறைவாக நடந்தது. இப்போது ஆர்.சி.யே போனில் இருக்கிறது, எங்கே மடிப்பது? போலீஸ்காரர் கண்ணாலேயே எதிரிலிருந்த சோளக் கடையைக் காட்டினார். மச்சான் போய் அங்கே ஒட்டியிருந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்தான். கடையின் ஸ்பீக்கர் பெட்டி மலையே கேட்கும்படி அறிவித்தது: "முந்நூறு ரூபாய் பெறப்பட்டது."

நான் கூனிக் குறுகிப் போனேன். போலீஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போய்விட்டார்.

மெல்பர்னில் வேகமாகப் போனால் கேமரா படம் பிடிக்கும், வீட்டுக்கு நோட்டீஸ் வரும். திட்டவும் ஆள் இல்லை, கெஞ்சவும் ஆள் இல்லை. அதைக் கட்டும்போதெல்லாம் வயிறு எரியும். இங்கே 700 ரூபாய் மிச்சம் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்ததே, அதை எங்கே போய்ச் சொல்வது?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்து தப்பலாம். ஆனால் நாங்கள் பேரம் அல்லவா பேசினோம்!

கிளம்பும்போது கடைக்கார அம்மாவிடம் இரண்டு சோளம் கேட்டேன். சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துக் கொடுத்தார். அந்த முந்நூறில் கழித்துக்கொள்வார் என்று ஏதோ நினைப்பில் நகர்ந்தேன்.

"தம்பி, அது சார் கணக்கு. சோளத்துக்கு எண்பது ரூபா."