பழைய டீசல் பிக்கப்: சேஸுக்கு வயசே ஆகவில்லை, நோவெல்லாம் எஞ்சின் தலையில்

ஆத்தங்குடிக் கல் ஏற்றுவதற்காக 2012-இல் வாங்கிய பிக்கப். இன்றைக்கும் லோடு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர், காமன் ரெயில், டர்போ, அன்றைய பி.எஸ். 3 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற எஞ்சின். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற கோளாறுகள் ஒரு கம்பெனியோடு நிற்பவை அல்ல. அந்தக் காலத்து டீசல் பிக்கப் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த கதைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேஸ், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஆக்சில் மூன்றும் உருக்கு. கல் லோடு எவ்வளவு கனம் என்பது ஏற்றி இறக்கியவர்களுக்குத் தெரியும். அதோடு திருமயம் வழியாகத் திருச்சிக்கும், மேலூர் வழியாக மதுரைக்கும் ஓடியும் பின்பட்டை ஒரு தடவைகூட முறியவில்லை. லோடோடு லிட்டருக்குப் பன்னிரண்டு, காலியாக வந்தால் பதினாலு. பிரேக், கிளட்ச் எல்லாம் தேய்மானச் செலவு, அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். சீட்டு மட்டும் மகா மோசம். சென்னை போய் வந்தால் இரண்டு நாளைக்கு இடுப்பு பேசும்.

குறையெல்லாம் எஞ்சினில். அதிலும் குறிப்பாகத் தண்ணீர் ஓடுகிற பாதையில்.

நான்காவது வருஷத்தில் கோளாறு தொடங்கியது. ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் குறையும். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. ஹீட் முள் நடுவிலேயே நிற்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், அப்புறம் சரியாகிவிடும். கம்பெனி சர்வீஸில் காட்டினால் டப்பாவை நிரப்பி, பில் போட்டு அனுப்புவார்கள். மூன்றாவது முறை போனபோது "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கட். காரணம் கேட்டதற்கு ஒரே வார்த்தை: ஓவர்லோடு.

ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் காரைக்குடியில் எங்கள் பழைய மெக்கானிக் பாயிடம் காட்டினேன். அவர் ஹெட் பக்கமே போகவில்லை. "தம்பி, தண்ணி குறையுதுன்னா எங்கேயோ போகுதுல்ல? கீழே சொட்டலைன்னா உள்ளேதான் போகுது. உள்ளே போறதுக்கு ரெண்டு வழி இருக்கு. கஷ்டமான வழியை ஏன் முதல்ல பாக்கணும்?" என்றார்.

கஷ்டமான வழி ஹெட் கேஸ்கட். அவர் சொன்ன இரண்டாவது வழி இ.ஜி.ஆர். கூலர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளேயே விடுவதுதான் இ.ஜி.ஆர். சிலிண்டருக்குள் எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு. அந்தப் புகை நெருப்பாகக் கொதிக்கும் என்பதால் வழியில் ஒரு சின்னக் கூலர் வைத்து, எஞ்சின் கூலன்ட்டையே அதைச் சுற்றி ஓடவிடுகிறார்கள். உள்ளே கரியும் சூடும், வெளியே தண்ணீர், நடுவில் மெல்லிய தகடு. தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கூலன்ட் புகையோடு கலந்து ஆவியாகிப் போய்விடும். தரையில் எப்படிச் சொட்டும்?

பாய் கூலரைக் கழற்றி, தண்ணீர் வாயில் ஒன்றைத் தகடு வைத்து அடைத்து, மறுவாயில் டியூப் மாட்டிக் காற்றடித்து, பிளாஸ்டிக் டிரம்மில் இருந்த தண்ணீரில் முக்கினார். ஒன்றுமில்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு குடம் வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். வெந்நீரில் முக்கியதும் வெல்டு ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி வரிசை கட்டி மேலே வந்தது. ஆறிய தகட்டில் கீறல் மூடிக்கொள்கிறது, சூடானால் வாய் திறக்கிறது. சர்வீஸ் சென்டரில் வண்டி ஆறிய பிறகு பிரஷர் போட்டுப் பார்த்து "லீக் இல்லை" என்று எழுதிக் கொடுத்ததன் ரகசியம் இதுதான். கூலர் மாற்றினோம். ஹெட்டை யாரும் தொடவில்லை. ஹெட்டை இறக்கியிருந்தால் லேத்தில் ஃபேஸிங், கேஸ்கட் செட், போல்ட் செட் என்று பணம் போயிருக்கும், கூலன்ட் மறுபடியும் குறைந்திருக்கும்.

அது ஓவர்லோடா? என் மச்சான் அதே மாடல் வண்டியில் பலகாரம் ஏற்றுகிறார். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை. வண்டி நிறைய அடுக்கினாலும் பட்டை அசையாது. அவர் வண்டியிலும் அதே இடத்தில் அதே கீறல். கல்லுக்கும் சீடைக்கும் ஒரே நோவு வருகிறது என்றால் அது ஏற்றியவன் குற்றமில்லை, அந்தக் கூலரைச் செய்தவன் குற்றம்.

அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2003-ஆம் வருட மாடலிலிருந்து ஃபோர்டு பெரிய பிக்கப்புகளில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், செய்து கொடுத்தது நேவிஸ்டார். அதில் முதலில் ஆயில் கூலரின் நுண்ணிய தண்ணீர்ப் பாதைகள் கசடு கட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் அடுத்திருக்கும் இ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணீர் போதாமல் அது வெடிக்கும். கூலன்ட் உள்ளே போய், அழுத்தம் ஏறி, சிலிண்டருக்கு நான்கே போல்ட்டில் நிற்கிற ஹெட் தூக்கிக்கொண்டு கேஸ்கட் போகும். வாரண்டிச் செலவை யார் ஏற்பது என்று இரண்டு கம்பெனிகளும் 2007-இல் நீதிமன்றம் வரை போனார்கள். வாங்கினவர்களும் வழக்குப் போட்டார்கள். அங்கேயும் கேஸ்கட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்தார்கள். கேஸ்கட் கடைசியில் விழுகிற விக்கெட். முதல் விக்கெட் தண்ணீர்ப் பாதையில் போயிருக்கும்.

ஆனால் மச்சான் வண்டியில் ஒரு வித்தியாசம் உண்டு. என் கூலரைவிட ஒரு வருஷம் முன்னாடியே அது போய்விட்டது, ரேடியேட்டரும் சேர்ந்து. அவருடைய டிரைவர்கள் கண்ட இடத்தில் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார்கள். "நம்ம ஊர்ல தண்ணி என்ன உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வியை இந்தப் பக்கம் கேட்காத பட்டறை இல்லை. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். கொதிநிலையைக் கூட்டுவதும், இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் துரு, அரிப்பு இல்லாமல் இருக்க மருந்து போடுவதும்தான் நமக்கு வேண்டியவை. போர் தண்ணீரின் உப்பு சூட்டில் சுண்ணாம்பாகப் படியும். அவர் ரேடியேட்டரைப் பிரித்தபோது குழாய்க்குள் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. சம்பை ஊற்றுத் தண்ணீர் காரைக்குடிக்காரர்களுக்குப் பெருமைதான், அதுவும் குடிக்கத்தான். எஞ்சினுக்குக் கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

கூலரையே எடுத்துவிட்டு இ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள். பல வண்டிகளில் அடைத்தும் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகத்தை முடக்குவது சட்டப்படி தப்பு. வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுகிற வண்டிக்கு அது தலைவலியும்கூட.

அடுத்தது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர். இது இரண்டாம் இடம்தான், ஆனால் கவனிக்காமல் விட்டால் எஞ்சினையே தின்றுவிடும். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயான ரெயிலில் டீசல் 1,600 பார் அழுத்தம் வரை ஏறுகிறது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் ஒரு சின்னச் செப்பு வாஷர் இருக்கிறது. அது தளர்ந்தால் சிலிண்டர் காற்று "சுக் சுக்" என்று மேலே கசியும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாகப் பிடிக்கும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதானே என்று விடுகிறார்கள். சில எஞ்சின்களில் அந்தக் கரி வால்வு கவருக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும், கீழே போய் ஆயில் தேங்குகிற சம்பின் வலையை அடைக்கும். அப்புறம் டர்போவுக்கு ஆயில் போகாது. "டர்போ போச்சு" என்று புது டர்போ மாட்டினால் அதுவும் போகும். இன்ஜெக்டரைக் கழற்றினால் பழைய வாஷரைத் திரும்பப் போட விடாதீர்கள். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான் அது.

இழுவை குறைந்தாலும் நாலு இன்ஜெக்டரையும் மொத்தமாக மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். மிச்ச டீசல் திரும்புகிற ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிக் குப்பியில் விட்டு எஞ்சினை ஓடவிட்டால், எது தேய்ந்ததோ அந்தக் குப்பி மட்டும் வேகமாக நிரம்பும். என் வண்டியில் மூன்றாவது குப்பிதான். அதை மட்டும் மாற்றினேன்.

புது டீசல்தான் பழைய டீசல் பம்பைக் கெடுக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. கந்தகம் பி.எஸ். 3 டீசலில் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு), 2017-இல் நாடு முழுக்க 50, 2020 ஏப்ரலில் இருந்து 10. கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பும் குறையும் என்பது உண்மை. அதற்காகத்தான் சோதனையில் உரசும் உலோகத்தில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று டீசலுக்குத் தர வரம்பே வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் பம்பைக் கொன்றது கேனில் வாங்கி வைத்த டீசலில் இறங்கிய தண்ணீர். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து வாரம் ஒரு தடவை வடித்துவிட்டால் தீர்ந்தது.

கம்பெனியிடம் நியாயம் கிடைக்குமா? எனக்குக் கிடைக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வியாபார வண்டி என்று தள்ளப் பார்ப்பார்கள். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவனுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் கையில் காகிதம் வேண்டும். "கூலன்ட் குறைகிறது" என்ற நம் வார்த்தை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டில் அப்படியே ஏற வேண்டும். அவர்கள் எழுதுவதோ "ஜெனரல் செக்கப்". கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அரசுக்கு வந்தது, விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. அதிலும் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் இடம். என் 2012 வண்டிக்கு அந்த விதிகள் வரும்போதே அந்த வயசு தாண்டிவிட்டது!

இந்த வயசு பிக்கப்பைப் பழசில் வாங்கப் போகிறவர்கள் கேட்டால், வாங்கலாம் என்பேன். விலையில் ஒரு இ.ஜி.ஆர். கூலர், ஒரு ரேடியேட்டர், ஒரு செட் செப்பு வாஷர் ஆகிற தொகையைக் குறைத்துக் கேளுங்கள். விடிகாலையில் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னால் ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ரிசர்வ் டப்பாவில் கலர் இல்லாத வெறும் தண்ணீர் இருந்தாலும் அப்படியே.