என்பிஏ ஜாம்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஒரு அணிக்கு இரண்டே பேர், மூன்று நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஃபவுல் என்ற பேச்சே கிடையாது. 1993-ல் மிட்வே நிறுவனம் ஆர்கேடுக்காக (காசு போட்டு ஆடும் கேம் கூடங்களுக்காக) வெளியிட்ட கூடைப்பந்து வீடியோ கேம் 'என்பிஏ ஜாம்' அடிப்படையில் இவ்வளவுதான். தடை என்று இருப்பவை ஷாட் கிளாக்கும் (பந்தை எறிவதற்கான நேர வரம்பு) கோல்டெண்டிங்கும் (கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டிவிடுவது) மட்டுமே. எதிராளியைப் பிடித்துத் தரையில் தள்ளிவிட்டுப் பந்தைப் பறிக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இதன் வீட்டுப் பதிப்பைத்தான், குறிப்பாக அடுத்து வந்த 'டோர்னமென்ட் எடிஷனை', பல வருடங்களாக ஆடிவருகிறேன். அதற்குப் பின் வந்த தத்ரூபமான கூடைப்பந்து கேம்கள் பலவற்றையும் ஆடிவிட்டேன். ஆனாலும் நண்பர்கள் கூடினால் கை இதைத்தான் தேடும்.

காரணம் ஒரே ஒரு விதி. ஒரே ஆட்டக்காரர் தொடர்ந்து மூன்று கூடை போட்டால் அவர் 'ஆன் ஃபயர்'. பந்து நெருப்புப் பிடித்துப் பறக்கும், வேகமூட்டும் டர்போ தீராது, குறி அபாரமாகக் கூடிவிடும், கோல்டெண்டிங் கூட அவருக்கு மன்னிப்பு. எதிரணி ஒரு கூடை போடும் வரைக்கும், அல்லது இவரே இன்னும் நான்கு போட்டு முடிக்கும் வரைக்கும் இந்த ராஜாங்கம் நடக்கும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஆட்டத்தின் உயிர் மூன்றாவது கூடையில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. இரண்டு விழுந்ததும் வர்ணனையாளர் டிம் கிட்ஸ்ரோவின் குரல் "ஹீ இஸ் ஹீட்டிங் அப்!" என்று கத்தும். அந்த நொடியில் அறையே மாறிவிடும். எதிரில் ஆடுகிற இருவரும் பந்தை மறந்துவிட்டு அந்த ஒருவர் மேல் பாய்வார்கள். டர்போ பட்டனையும் பந்தைப் பறிக்கும் ஸ்டீல் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் தள்ளு. அவர் குதிக்கும் முன்பே விழ வேண்டும். அவரோ டர்போவைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, கூட்டாளியிடம் பந்தைத் தட்டிவிட்டு, இரண்டு பேரும் தன்னைத் தாண்டி ஓடியதும் திரும்ப வாங்கி, குதியின் உச்சியில் பட்டனை விடுவார். பந்து காற்றில் இருக்கும்போது யாரும் மூச்சு விடுவதில்லை. ஒரு வரி விதியை வைத்துக்கொண்டு நான்கு மனிதர்களையும் ஒரே புள்ளியைப் பார்க்கவைத்த வடிவமைப்பு இது. இதைவிடச் சிறப்பாகச் செய்த விளையாட்டு கேமை நான் பார்த்ததில்லை.

அணிகளின் தேர்வும் சுவாரசியம். முதல் ஆர்கேட் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்கு வேகம், த்ரீ பாயிண்ட் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்), டங்க் (குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது), டிஃபென்ஸ் என நான்கே அளவுகோல்கள். யூட்டாவை எடுத்தால் ஸ்டாக்டனும் மலோனும். ஒருவர் பறிப்பார், மற்றவர் முடிப்பார். சிகாகோவில் பிப்பனும் ஹோரேஸ் கிராண்டும் இருப்பார்கள். உரிமச் சிக்கலால் மைக்கேல் ஜோர்டன் இல்லை. 1990-களின் கூடைப்பந்தை நேசிப்பவருக்கு அந்த வெற்றிடம் கொஞ்சம் உறுத்தும்.

இனி குறைகள். பெரியது ஒன்றுதான், அது அடித்தளத்திலேயே இருக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணியின் ஷாட்களைத் தவறவைத்து, பின்தங்கிய அணியை கேமே தூக்கிவிடும். ஆட்டம் கடைசி வரை சூடாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆர்கேடில் காசு போடுபவர் பாதியில் எழுந்து போகக் கூடாதே! ஆனால் கடைசி நிமிடத்தில் எட்டுப் புள்ளி முன்னிலையோடு, யாரும் மறிக்காத ஷாட் வளையத்தில் பட்டுத் தெறிக்கும். எதிரில் கணினி ஆள் அரைக்கோட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிவது வலைக்குள் போகும். அதுவரை பொறுமையாகக் கட்டிய டிஃபென்ஸுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. கால்பகுதி முடியும் நொடியில் இது இன்னும் வெளிப்படை. வடிவமைப்பாளர் மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். டெட்ராய்டுக்கு எதிராக ஆட்டம் நெருக்கமாக இருந்தால் சிகாகோவின் கடைசி நேர ஷாட்கள் தவறும்படி நிரல் எழுதியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதையாகக் கேட்க ரசமானது. சிகாகோவை எடுத்துத் தோற்றவருக்கு அது ரசமே இல்லை.

தனியாக ஆடும்போது கூட்டாளி இன்னொரு தலைவலி. பந்து அவரிடம் இருந்தால் நம் பட்டனுக்குக் கட்டுப்பட்டு ஷாட்டோ பாஸோ செய்வார், அது நல்ல ஏற்பாடு. டிஃபென்ஸில் மட்டும் எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது. வர்ணனை வரிகளும் சீக்கிரம் மனப்பாடமாகிவிடும். "பூம்ஷகலகா!" மட்டும் எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் தனி ஆளாகக் கணினியோடு ஆடி இதை எடை போட வேண்டாம். டோர்னமென்ட் எடிஷனின் ஆப்ஷன்களில் கணினி உதவியை அணைத்துவிடுங்கள். முன்னிலை முன்னிலையாகவே நிற்கும். இரண்டே பேர் இருந்தால் எதிரெதிரே உட்காராமல் ஒரே அணியில் சேருங்கள். டேக் மோடு வேண்டாம். அதில் பந்து இருக்கும் ஆளிடமே கட்டுப்பாடு தாவிவிடும், கூட்டாளியை நம்பிப் பாஸ் கொடுக்கும் சுகம் போய்விடும். வேகத்தைப் பல மடங்காக்கும் ஜூஸ் மோடை, தள்ளும் நேரம் கைக்குப் பிடிபட்ட பிறகு திறந்தால் போதும்.