649 ரூபாய்க்கு ஓர் இலையுதிர்காலம்

யோசனைக்கு முழு மார்க் போடலாம். பொருளுக்குப் பாதிக்கு மேல் போட மனசு வரவில்லை. காலாண்டு லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கக் கூடாது என்று மகள் ஆன்லைனில் வாங்கி, என் பாளையங்கோட்டை முகவரிக்கு அனுப்பிய ‘இலையுதிர்காலக் காகிதக் கைவேலைப் பெட்டி’யைப் பற்றித்தான் சொல்கிறேன். விலை 649 ரூபாய். மூன்று முதல் எட்டு வயது வரை என்று அட்டையில் போட்டிருந்தது. பேத்திக்கு நாலு, பேரனுக்கு ஏழு. ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவள் நான். காகிதம், பசை, கத்தரி விஷயத்தில் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன்.

பெட்டிக்குள் ஆரஞ்சு, மஞ்சள், அரக்கு, காப்பிப்பொடி நிறங்களில் தாள்கள், மேப்பிள் இலை வடிவில் வெட்டிய அட்டைகள், சணல் கயிறு, இரண்டு அட்டைக் குழல்கள், ஒட்டுகிற கண்கள், குச்சிப் பசை, முனை மழுங்கிய கத்தரி, செய்முறைப் புத்தகம். புத்தகத்தில் இங்கிலீஷும் இந்தியும் மட்டும்தான். படங்கள் தெளிவாக இருப்பதால் வேலை நிற்கவில்லை. ஆனால் கத்தரி ஒன்றே ஒன்று. இப்படி அனுப்பியவர்கள் வீட்டில் சண்டை போட இரண்டு பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது.

பேரன் முதலில் கேட்டது, “இலை ஏன் ஆச்சி ஆரஞ்சா இருக்கு?” நியாயமான கேள்வி. நமக்குப் புரட்டாசி, ஐப்பசி என்றால் மழையை எதிர்பார்க்கிற மாதங்கள்; மரமெல்லாம் பச்சையாகத்தான் நிற்கும். தேக்கும் இலவும் இலையைக் கொட்டுவது தை, மாசிக்கு மேல், வறட்சி தொடங்கிய பிறகு. குளிர்நாடுகளில் செப்டம்பர் கடைசியிலிருந்து பகல் குறைந்து குளிர் ஏறும்போது, இலையில் இருக்கிற பச்சையம் சிதைந்துவிடும். அதுவரை அதற்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரியும். சில மரங்கள் சிவப்பைப் புதிதாகவே உண்டாக்கிக்கொள்ளும். இதை ஏழு வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் நிற்கிற வாதாங்கொட்டை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அந்த மரம் இலையைச் சிவக்க வைத்துத்தான் உதிர்க்கும். பெட்டியில் இருந்த அட்டை இலைகளைவிட அங்கே பொறுக்கியது நல்ல நிறம். புத்தகத்தில் இந்த விளக்கத்துக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

செய்ததில் ஆகச் சிறந்தது கிழித்து ஒட்டுகிற மரம். காப்பிப்பொடி நிறத் தாளில் பிள்ளையின் கையை முழங்கை வரை படுக்க வைத்து, சுற்றி வரைந்து, வெட்டி ஒட்ட வேண்டும். முன்கை அடிமரமாகிவிடும், விரித்த விரல்கள் கிளைகளாகிவிடும். அதற்கு மேல் நிறத் தாள்களைக் கிழித்து இலையாக ஒட்டிக்கொண்டே போகலாம். நாலு வயதுக்குக் கத்தரியைவிடக் கிழிப்பதுதான் நல்ல வேலை. இரண்டு கையிலும் பெருவிரலும் சுட்டுவிரலும் பிடித்து எதிரெதிராக இழுக்க வேண்டுமே, நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவதும் அந்த விரல்கள்தான். பெட்டித் தாளோ விறைப்பு. பேத்தி பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்த்தாள். அப்புறம் தினசரி காலண்டரில் கிழித்துப் போட்ட தாள்களை எடுத்துக் கிரேயானால் நிறம் தீட்டிக் கொடுத்தேன், வேலை சடசடவென்று ஓடியது. காகிதத்துக்கு ஓட்டம் என்று ஒன்று உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். பேரனிடம் இதைக் காட்டியதில் வீட்டில் இருந்த பழைய பேப்பர் முழுவதும் போயிற்று. மின்விசிறியை நிறுத்தவும் முடியாது, புழுக்கம்; கிழித்த துண்டுகளை விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில் போட்டு வைத்தால் பறக்காது.

குச்சிப் பசை திறக்கும்போதே காய்ந்திருந்தது. விற்றவர்களுக்கு எழுதியதற்கு வேறு அனுப்புகிறோம் என்று பதில் வந்தது, பசை வரவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு கரண்டி மைதாவை ஆறு கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை கிண்டினால் தீர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் இடத்தில் அது விஷம், சேர்க்கவே கூடாது.

அடுத்தது பூசணி. ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலத்தில் ஏழெட்டுப் பட்டைகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு நட்சத்திரம் போல ஒட்டி, நுனிகளை எல்லாம் மேலே தூக்கிச் சேர்த்து ஒட்டிவிட்டால் உருண்டைப் பூசணி. மேலே பச்சைக் காம்பு. இதற்குப் பெட்டித் தாளின் விறைப்பு நன்றாகவே உதவியது, உருவம் அமுங்காமல் நின்றது. நுனிகளைச் சேர்க்க மட்டும் பெரியவர்கள் கை வேண்டும். ஆயுத பூஜை நேரமாயிற்றா, “இதையும் ரோட்டுல போட்டு உடைப்போமா ஆச்சி?” என்று பேரன் கேட்டான். “அது தடியங்காய்லே மக்கா, வெள்ளைப் பூசணி; இது கூட்டு வைக்கிற பூசணிக்காய்” என்றேன். அதற்குப் பிறகும் பேத்தி அதை யாரும் உடைத்துவிடக் கூடாதென்று தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

கீறல் போட்ட இலைக்குள் பட்டைகளை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நுழைத்துப் பின்னுகிற வேலை பேரனுக்கு மட்டும் சரிப்பட்டது. பத்தமடைப் பாயும் இந்தக் கணக்குதான் என்று சொல்லிப் பாயையும் எடுத்துக் காட்டினேன். ஐந்து வயதுக்குக் கீழே இதைக் கொடுத்து அழ வைக்க வேண்டாம்.

இலை மேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்க்கிற வேலைக்குப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் இலை கொடுத்திருக்கிறார்கள். எதற்கு? பூவரசும் அரசும் எங்கும் கிடைக்கின்றன. பச்சை இலையாகப் பார்த்து, நரம்பு துருத்தியிருக்கும் பின்பக்கத்தை மேலே வைத்து, சாதாரண ஏ4 தாள் போட்டு, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். அரசிலையின் வால் நுனி வரை வந்துவிடும். காய்ந்த இலை நொறுங்கும், கெட்டித் தாளில் நரம்பு தெரியாது.

மேப்பிள் இலைகளைச் சணல் கயிற்றில் கோத்த தோரணத்தைத் தசராவுக்கு வாசலில் கட்டினோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அம்மன் சப்பரம் தெருவுக்கு வந்த அன்று லேசாகத் தூறியதில் ஆரஞ்சுச் சாயம் இறங்கிச் சுவரில் கோடு கோடாக நிற்கிறது. வீட்டுக்குள் கட்டுவதற்கு மட்டும் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

மகள் அடுத்த பெட்டியும் வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். தெற்கு பஜார் பக்கம் ஸ்டேஷனரி கடையில் ஒரு சார்ட் பேப்பர் பத்துப் பதினைந்து ரூபாய். கலர் பேப்பர் கட்டு, கிரேயான், இரண்டு சின்னக் கத்தரி எல்லாம் சேர்த்தாலும் 200 ரூபாயைத் தாண்டாது. கெட்டி அட்டைக்கு இருக்கவே இருக்கின்றன பழைய கல்யாணப் பத்திரிகைகள். இந்தப் புத்தகம் ஒன்று கையில் இருந்தால் போதும், அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அட்டைக் குழலின் மேல் விளிம்பை இரண்டு பக்கமும் உள்ளே அமுக்கினால் இரண்டு காது நிமிர்ந்து ஆந்தையாகிவிடும். இதைவிடச் சுலபமான வேலை பெட்டியிலேயே கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டு மதினி பார்த்துவிட்டு, “ஆந்தையை நடுவீட்டில் வைப்பாங்களா?” என்று முகத்தைச் சுளித்தாள். பேரன் உடனே பச்சை அடித்துச் சிவப்பு மூக்கு ஒட்டிக் கிளி என்றுவிட்டான், காதுள்ள கிளி. அதில் ஒட்டுகிற கண்களைத்தான் நான் முதல் நாளே எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். மிளகு அளவுதான் இருக்கின்றன, நகம் பட்டாலே பெயர்ந்து வருகின்றன. எதையும் வாயில் போடுகிற வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மூன்று வயது என்று அட்டையில் போடுகிறவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா? ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கறுப்பு வட்டம் போட்டாலே போதும்.