பயணப் பைக்குள் எந்தப் புத்தகம்? விடுமுறை வாசிப்புக்கு ஓர் ஒப்பீடு

கோடை விடுமுறைப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது உடைகளுக்குச் செலவிடும் யோசனையில் பாதியைக்கூட நாம் புத்தகங்களுக்குச் செலவிடுவதில்லை. புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு அலமாரி முன் நின்று, ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட ஏதாவது ஒன்றை, ‘இந்த முறையாவது முடித்துவிடலாம்’ என்ற நம்பிக்கையில் உருவி எடுத்துத் துணிகளுக்கு நடுவே செருகிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை ஆயிரம் பக்கத்தைத் தொடும் நாவல் ஒன்றைப் பன்னிரண்டு நாள் பயணத்துக்கு எடுத்துப்போய், 112ஆம் பக்கத்தோடு திரும்பி வந்தேன். நாவலில் குறையேதும் இல்லை. அந்தப் பயணத்தில் நாங்கள் நான்கு இடங்களில் தங்கினோம். யாரும் கூப்பிடாமல் தொடர்ந்து அரை மணி நேரம் நான் உட்கார்ந்திருந்தது இரண்டே தடவை. அதற்குப் பிறகு, புத்தகம் எவ்வளவு நல்லது என்று பார்ப்பதற்கு முன்பு, இந்தப் பயணத்தில் வாசிப்பு எத்தனை இடத்தில் அறுபடும் என்று பார்க்கத் தொடங்கினேன். இங்கே செய்திருக்கும் ஒப்பீடுகள் எல்லாம் அந்த அளவுகோலை வைத்துச் செய்தவைதான்.

பெருநாவலா, சிறுகதைத் தொகுதியா

பெருநாவலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அன்றாட வேலைகளுக்கு நடுவே கிடைக்காத நீண்ட பொழுது விடுமுறையில்தான் கிடைக்கிறது, ஆகவே நீண்ட புத்தகத்தை அப்போதுதான் வாசிக்க வேண்டும் என்பார்கள். ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கி, காலையில் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரும் விடுமுறைக்கு இது முழுக்கப் பொருந்தும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் வாசித்த நாவலும் அந்த இடமும் பிறகு பிரிக்க முடியாதபடி நினைவில் ஒட்டிக்கொள்கின்றன. கதையின் ஒரு மரணக் காட்சியை நினைத்தால் கூடவே அந்த வராந்தாவின் தூண் நிழலும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆனால், நாளுக்கொரு ஊராக நகரும் பயணத்தில் இதே நாவல் சுமையாகிவிடுகிறது. பெருநாவலின் முதல் நூறு பக்கங்கள் வாசகர் போடும் முதலீடு. இருபது முப்பது பெயர்களையும் உறவுகளையும் மனத்தில் ஏற்றிக்கொள்ளும் வேலை அங்கேதான் நடக்கிறது. இரண்டு நாள் விட்டுப்போனால் யார் யாருக்கு மைத்துனர் என்பது மறந்து, நாற்பது பக்கம் பின்னால் போய்த் தேட வேண்டியிருக்கிறது. பெருநாவல்தான் வேண்டும் என்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த நூறு பக்கங்களையும் வீட்டிலேயே வாசித்து முடித்துவிட்டு, கதை ஓடத் தொடங்கிய நிலையில் புத்தகத்தைப் பையில் வைப்பதுதான்.

சிறுகதைத் தொகுதி அறுபடுவதற்கு அஞ்சாது. பதினைந்து பக்கக் கதை ஒன்று, வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தொடங்கி வண்டி வருவதற்குள் முடிந்துவிடும். மீதியை அடுத்த வாரம் தொட்டாலும் நஷ்டம் இல்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கதையிலும் புதிதாக நுழைய வேண்டும். அந்த நுழைவு முயற்சி நான்காவது கதையில் அலுக்கத் தொடங்கிவிடும். ஒரே எழுத்தாளரின் தொகுதியாக இருந்தால், அவருடைய முடிப்பு எப்படி இருக்கும் என்பது மூன்றாம் கதைக்குள் பிடிபட்டுவிடுகிறது. அதனால் பயணத்துக்கு மட்டும், பலர் எழுதிய கதைகளைச் சேர்த்த தொகைநூலே மேல் என்பது என் முடிவு. வீட்டு வாசிப்புக்கு இதே பரிந்துரையை நான் செய்யமாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் துப்பறியும் நாவல் நிற்கிறது. சிறு அத்தியாயங்கள், எங்கே விட்டாலும் இழுத்துப்போகும் கதை என்று பயணத்துக்காகவே செய்ததுபோல் இருக்கும். இதன் குறை அதன் வேகம்தான். முதல் நாளிலேயே முடிந்துபோய், மீதி நாள்களுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறது. அதுவரையில் ஜன்னலுக்கு வெளியே மலை வந்ததா ஆறு வந்ததா என்றும் தெரியாது. இரவுப் பயணத்துக்கு எடுத்துப்போகலாம். பகலில், பார்க்கத்தக்க வழியில் போகும்போது எடுக்கக் கூடாது. கட்டுரைத் தொகுதிகளுக்குச் சிறுகதைக்குச் சொன்னதே பொருந்தும். கவிதைத் தொகுப்பு எடை குறைவு, அறுபடுவதே அதற்கு இயல்பு. ஆனாலும் பயணத்தின் இரைச்சலில் அதற்கு வேண்டிய அமைதி எனக்குக் கிடைத்ததில்லை.

போகும் ஊரைப் பற்றியதா, தொடர்பே இல்லாததா

போகும் இடத்தின் வரலாற்றையோ அங்கே நிகழும் கதையையோ அங்கேயே வாசிக்க வேண்டும் என்ற ஆலோசனை எல்லாரும் சொல்வது. எப்போது வாசிப்பது என்பதில்தான் சிக்கல். ஒரு பழைய கோட்டைக்குள் நுழைவதற்கு முந்தைய இரவு, அதன் முற்றுகையைப் பற்றி இருபது பக்கம் வாசித்திருந்தால், மறுநாள் மதிலில் அம்பு விடுவதற்காக விட்ட ஒடுங்கிய இடைவெளி வெறும் துளையாகத் தெரியாது. அந்த இருபது பக்கத்துக்குப் பதில் நானூறு பக்க வரலாற்று நூலைத் தூக்கிப்போனால், ஊரைப் பார்க்க வேண்டிய மாலைப் பொழுதில் ஊரைப் பற்றி வாசித்துக்கொண்டு அறையில் கிடப்போம். கனமான வரலாற்று நூலுக்கு ஏற்ற காலம், திரும்பி வந்த பிறகான முதல் வாரம் என்று நினைக்கிறேன். தெருப் பெயர்கள் அப்போது கால்களுக்குத் தெரிந்த பெயர்களாக இருக்கும். வழிகாட்டி நூல்களில் திறப்பு நேரமும் கட்டணமும் அச்சாகும்போதே பழசாகத் தொடங்கிவிடுகின்றன. அவற்றிலிருக்கும் வரைபடம் மட்டும், இணையம் கிடைக்காத இடத்தில், இன்றும் உதவும்.

தாளா, திரையா

பயணத்துக்கென்று புத்தகத்தின் உடம்பையே மாற்றிப் பார்த்த வரலாறு நீளமானது. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் 1848இல் புத்தகக் கடை திறந்தது. அதைத் தொடர்ந்து, ரயிலில் வாசிப்பதற்கென்றே சிறிய, மலிவான பதிப்புகள் பெருகின. 1935இல் ஆலன் லேன் பெங்குவின் வரிசையைத் தொடங்கியதற்கு, ஒரு ரயில் நிலையத்தில் வாசிக்கத் தக்க எதுவும் கிடைக்காத எரிச்சலே காரணம் என்று சொல்வார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது, இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அச்சிட்டு வழங்கிய பதிப்பு வரிசைதான். உயரத்தைவிட அகலம் கூடுதலாக, சீருடைப் பைக்குள் அடங்கும்படி, பக்கத்துக்கு இரண்டு பத்தியாக எழுத்துக் கோத்த அந்தப் புத்தகங்கள் நான்கே ஆண்டுகளில் 12 கோடிப் பிரதிகளைத் தாண்டின. குறுகிய பத்தி, அசையும் வெளிச்சத்திலும் வரி தவறாமல் வாசிக்க உதவியது. இன்றைய பதிப்பாளர்கள் யாரும் ஏன் இதைத் திரும்பச் செய்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

தாள் புத்தகத்தின் முதல் குறை எடை. கணக்குப் போட்டே பார்க்கலாம். 14க்கு 21.5 செ.மீ. அளவுள்ள 300 பக்கப் புத்தகத்தில் 150 தாள்கள்; சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாள் என்றால், அட்டையைச் சேர்க்காமலே 316 கிராம் வருகிறது. ஆயிரம் பக்கம் என்றால் ஒரு கிலோவைத் தாண்டும். ஆறு அங்குலத் திரை கொண்ட மின்நூல் கருவி பெரும்பாலும் 200 கிராமுக்குள் அடங்கிவிடும். அதற்குள் நூறு நூல் இருந்தாலும் எடை அதேதான்.

இரண்டாவது குறையைக் கோடையில்தான் தெரிந்துகொண்டேன். சாதா அட்டைப் புத்தகங்கள் பலவற்றில் முதுகில் தையல் கிடையாது. சூட்டில் உருகும் பசையைத் தடவி, தாள்களை ஒட்டிவிடுகிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பகல் முழுவதும் கிடந்த என் கட்டுரைத் தொகுதியை மாலையில் விரித்தேன். முதுகு மெத்தென்று வளைந்தது. நடுவிலிருந்து பதினாறு பக்கங்கள் கையோடு வந்துவிட்டன. அன்றிலிருந்து, பயணத்துக்குப் புத்தகம் எடுக்கும்போது அதன் தலைப்பக்கம் முதுகோடு சேரும் இடத்தை உற்றுப்பார்க்கிறேன். தாள்கள் சிறு சிறு கட்டுகளாக மடிந்து வளைந்திருந்தால் அது பெரும்பாலும் தையல் போட்டது, தாங்கும். நேராக வெட்டி ஒட்டியதாக இருந்தால் காரில் விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

திரை என்று பொதுவாகச் சொன்னாலும் கைபேசியும் மின்நூல் கருவியும் வேறு வேறு சாதனங்கள். 2007இல் வெளியான கிண்டில் போன்ற கருவிகளின் திரையில், மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது அவை மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. எழுத்து தோன்றிய பிறகு அதைத் தக்கவைக்க மின்சாரம் வேண்டியதில்லை. பக்கம் திருப்பும்போதுதான் செலவாகும். அதனால்தான் மின்கலம் வாரக்கணக்கில் வருகிறது. திரை தாளைப்போலவே வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதால், வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிறது. கைபேசியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வெயிலில் திரை மங்கும். போலராய்டு கண்ணாடி அணிந்திருந்தால் சில கோணங்களில் கறுத்தே போய்விடும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கோடை நண்பகல் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். இவற்றைவிடப் பெரிய குறை, அழைப்பும் செய்தியும் அதே திரையில் வந்து நிற்பது. ஏற்கெனவே அறுபடும் வாசிப்பை இன்னும் அறுக்கும் கருவியைப் பயணத்தில் முதல் தேர்வாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மின்நூல் கருவி வாங்குமுன், தமிழில் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளால் பழைய நூல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எழுத்துருவாகத் தட்டச்சு செய்தவை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளும் தாமாக மடங்கி ஒழுங்காகிவிடும். புத்தகப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப் அப்படியில்லை. ஆறு அங்குலத் திரையில் அது எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். ‘ஐம்பது நூல் இறக்கிவைத்திருக்கிறேன்’ என்று நிம்மதியாகப் புறப்பட்டு, அவற்றில் நாற்பது இந்த வகை என்று வண்டியில் ஏறிய பிறகு கண்டுபிடித்தவன் நான்.

நீர்புகாக் கருவிகள் வந்த பிறகு கடற்கரை, நீச்சல்குளம் ஆகிய இடங்களில் தாள் தோற்றுவிட்டது என்று சொல்கிறார்கள். கருவி பிழைக்கும், உண்மைதான். ஆனால், தொடுதிரையில் நீர்த்துளி விழுந்தால் அது விரல் என்று நினைத்துத் தானாகப் பக்கம் திரும்பும். பழைய நாவலின் மேல் தண்ணீர் பட்டால் பக்கம் கொஞ்சம் உப்பிப்போகும், அவ்வளவுதான். மறந்து எங்காவது விட்டுவந்தாலும், தாள் புத்தகத்தில் போவது ஒன்று.

கண்ணுக்குப் பதில் காது

வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் காரிலோ பேருந்திலோ வாசித்தால் பலருக்குத் தலை சுற்றும். பக்கத்தில் ஊன்றிய கண் அசைவில்லை என்கிறது, உட்காது அசைகிறது என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. தாளா திரையா என்ற விவாதம் இங்கே பயனற்றது, இரண்டுமே குமட்டும். ஒலிநூல் மட்டும் கண்ணை ஜன்னலுக்கு வெளியே விட்டுவைக்கிறது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றும் லிப்ரிவாக்ஸ் 2005இலிருந்து இருக்கிறது. வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

நேரம்தான் ஒலிநூலின் விலை. ஆங்கில ஒலிநூல்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150 முதல் 160 சொற்கள் என்ற வேகத்தில் வாசிக்கப்படுகின்றன. 90,000 சொற்கள் உள்ள நாவலுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். அதையே கண்ணால் வாசித்தால் ஆறேகால் மணி நேரம் போதும். இன்னொரு சங்கடம், கவனம் சிதறிய இடத்துக்குத் திரும்புவது. புத்தகத்தில் கண் தானே முந்தைய பத்திக்குப் போய்விடும். ஒலிநூலில் எந்த நிமிடத்தில் தூங்கினோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, கதையோட்டம் நேராகப் போகும் நாவல், நினைவுக்குறிப்பு ஆகியவற்றுக்குக் காதும், வாதம் நிறைந்த நூலுக்குக் கண்ணும் பொருத்தம். எந்த வகையானாலும் வீட்டிலேயே முழுவதையும் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், மலைப்பாதையில் இணையத்தை நம்ப முடியாது.

எத்தனை எடுப்பது என்பதில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுதான். வீட்டில் நாளுக்கு ஐம்பது பக்கம் வாசிப்பவர், விடுமுறையில் நூறாவது ஓடும் என்று கணக்கிடுகிறார். கடைசி மூன்று பயணங்களில் நான் குறித்துவைத்த சராசரி முப்பதைத் தொடவில்லை. பத்து நாளுக்கு முந்நூறு பக்கம், அதாவது ஒரே புத்தகம். அது பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்குத்தான் இரண்டாவது. அந்த இரண்டாவதாக, முன்பே வாசித்துப் பிடித்துப்போன நூலை எடுப்பவர்கள் ஏமாறுவதில்லை. இரவல் வாங்கியதை மட்டும் எடுக்கவே கூடாது.

அடுத்த மாதப் பத்து நாள் பயணத்துக்கு, பலர் எழுதிய கதைகள் கொண்ட, தையல் போட்ட தொகைநூல் ஒன்றையும், சரியான எழுத்துருவில் உள்ள ஆறு நூல்களோடு மின்நூல் கருவியையும், மலைப்பாதைக்காக ஒரு நினைவுக்குறிப்பின் ஒலிநூலையும் எடுத்துவைத்திருக்கிறேன். அந்த ஆயிரம் பக்க நாவல் இந்த முறையும் வீட்டில்தான் இருக்கப்போகிறது. 112ஆம் பக்கத்தில் அந்தப் பழைய பயணச்சீட்டு இன்னும் செருகியபடியே இருக்கிறது.