குளிரில் படிந்த கரைசல்: ஓர் ஆர்.என்.ஏ. கிட்டின் அனுபவம்

உதகைக்கு அருகே இயங்கும் எங்கள் சிறிய ஆய்வகத்தில், உருளைக்கிழங்கு இலைகளில் தேமல் நோய் வைரசைக் கண்டறியும் பணிக்காக, 50 மாதிரிகளுக்கான ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட் (கரைசல்களும் வடிகட்டும் சவ்வுகளும் அடங்கிய பெட்டி) ஒன்றைக் கடந்த டிசம்பரில் கோவை விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினோம். மூன்று பெட்டிகள் தீர்ந்துவிட்டன. இலைக்கு இதைத் தயக்கமின்றி வாங்கலாம், கிழங்குக்கு வேண்டாம், மலையில் பயன்படுத்துவோர் கையேட்டை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இங்கே பரவலாகப் பயிரிடப்படும் குஃப்ரி ஜோதி என்ற உருளைக்கிழங்கு ரகத்தை அசுவினிப் பூச்சி வழியாகத் தொற்றும், தேமலுக்குக் காரணமான ஒய் வைரசின் மரபுப்பொருள், ஏறத்தாழ 9,700 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஆகும். அதில் டி.என்.ஏ. கிடையாது. ஆகவே, முதலில் ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் எடுத்து, அறிவியலாளர்கள் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970-இல் தனித்தனியே கண்டறிந்த தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைக் கொண்டு அதை டி.என்.ஏ.வாக மாற்றிய பின்னரே, அதைப் பல படிகளாகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையைச் செய்ய முடியும். பழனி மலையின் கீழ்ப்பகுதியில் வாழை பயிரிடும் நண்பர் ஒருவர், முடிக்கொத்து நோய்க்கும் இதே கிட் உதவுமா என்று கேட்டார். அந்த நோயை உண்டாக்குவது டி.என்.ஏ. வைரஸ் என்பதால் அவருக்கு வேறு கிட்தான் தேவை.

ஆர்.என்.ஏ.வை எடுப்பதைவிடக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அதன் இழையிலுள்ள சர்க்கரையில், டி.என்.ஏ.வைவிடக் கூடுதலாக இருக்கும் ஓர் ஆக்சிஜன் அணுவே இழை எளிதில் அறுபடக் காரணமாகிறது. அதை அறுக்கும் நொதியோ நம் விரல் வியர்வையிலேயே இருப்பதோடு, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. அதனால்தான், திரவ நைட்ரஜனில் அரைத்த இலைப்பொடி விழுந்த கணமே அந்த நொதியை முடக்கும் குவானிடின் உப்பை முதல் கரைசலில் செறிவாகச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மனக்குறையும் இந்தக் கரைசலைப் பற்றியதே. அறை வெப்பம் 9 டிகிரியாக இருந்த ஒரு காலையில், புட்டியின் அடியில் கற்கண்டு போல வெண்படிகங்கள் படிந்திருந்ததைக் கவனிக்காமல், ஆய்வு மாணவி மேலே தெளிந்திருந்த நீரை மட்டும் எடுத்துவிட்டார். ஆர்.என்.ஏ.வைச் சரிபார்க்க ஓடவிட்ட ஜெல்லில், பட்டைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடத்தில் கீழ்நோக்கி ஒரே இழுவலாக இருந்தது, அதாவது ஆர்.என்.ஏ. சிதைந்துவிட்டது. அன்று எடுத்த மூன்று மாதிரிகளும் வீண். விற்பனையாளரைக் கேட்டபோது, குலுக்கினால் சரியாகிவிடும் என்றார், குலுக்கியும் ஆகவில்லை. 40 டிகிரி வெந்நீரில் புட்டியை நிறுத்தி, படிகம் முழுவதும் கரைந்த பிறகு பயன்படுத்தியபோதுதான் சரியாயிற்று. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. அது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அதன்பின் இலைகளில் குறை சொல்ல இடமில்லை. 100 மில்லிகிராம் இலையிலிருந்து கிடைத்த ஆர்.என்.ஏ.வின் 260/280 விகிதம் (புரதக் கலப்பில்லாத தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவு) பெரும்பாலும் 2.0-ஐ ஒட்டியே இருந்தது. அரைத்து வைத்த மாதிரிகள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கிழங்கில் மட்டும் மாவுச்சத்து கூழாகி, ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் சிலிக்கா சவ்வை அடைத்துக்கொள்வதால், அதற்குப் சவ்வில்லாமல் வேதிக்கரைசல்களால் பிரிக்கும் பழைய சி.டேப். முறைக்கே திரும்பிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குவானிடின் கலந்த கழிவுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும். ஆய்வகத்தைத் துடைக்கும் அக்கா ஒரு நாள் பிளீச்சிங் கரைத்த வாளியைக் கழிவுப் புட்டியின் அருகே கொண்டுவந்தபோது, நல்லவேளையாக நான் அங்கே இருந்தேன். புட்டியின் மேல் ஆங்கிலத்தில்கூடத் தெளிவான எச்சரிக்கை இல்லை. நாங்களே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நான்காவது பெட்டிக்குச் சொல்லிவிட்டோம். குளிர் தணிந்த பின், மார்ச்சில் அனுப்பும்படி.