பலாவா, சீத்தாவா: எது திரள்கனி, எது கூட்டுக்கனி?

தாவரவியல் தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதாத வகுப்பு அரிது. மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் மேடுபள்ளத் தோல், பிளந்தால் இரண்டிலும் கொட்டைக்கொரு சுளை. பழுத்த பழத்தைப் பார்த்து விடை தேடுவதில்தான் சிக்கல். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பழம் எத்தனை பூவிலிருந்து வந்தது?

சீத்தாப்பழம் ஒரே பூவின் பிள்ளை. தடித்த மூன்று இதழ்களோடு தலைகீழாகத் தொங்கும் அந்தப் பச்சைப்பூவின் நடுவே, ஒன்றோடொன்று ஒட்டாத சூலக இலைகள் (விதையாகப்போகும் சூலைப் பொதிந்த பெண் உறுப்புகள்) கும்பலாக நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிறுகனியாகி, எல்லாம் ஒரே பூத்தளத்தில், அதாவது பூவின் அடிப்பகுதியில், நெருக்கியடித்து உட்காரும். இதுதான் திரள்கனி. நன்றாகப் பழுத்ததைக் கையில் எடுத்தாலே கண் கண்ணாகப் பிரிந்து வருவது இதனால்தான். அதே பேரினத்து முள்சீத்தாவில் சிறுகனிகள் இறுக ஒட்டிக்கொள்வதால் அப்படிப் பிரியாது. ஆனாலும் அதுவும் திரள்கனியே.

பலா வேறு கதை. மரத்தண்டில் பிஞ்சாகத் தெரிவது பூ அல்ல, பெண்பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கிய ஒரு மஞ்சரி. அது மொத்தமாகப் பருத்துப் பழமாவதால் பலா கூட்டுக்கனி. வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் கணக்குக் காட்டலாம். நடுத்தண்டு மஞ்சரியின் அச்சு. தோலின் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகும், கருவுறாதது சடையாகும். நாம் உரித்து மாட்டுக்குப் போடும் அந்தச் சடை முழுக்கக் காய்க்காமல் போன பூக்கள்தான்.

தின்னும் பகுதியும் வேறு. சீத்தாவில் வாயில் கரைவது சூலகச் சுவரிலிருந்து வந்த சதை, அதாவது முறையான கனிச்சதை. பலாச்சுளையோ சதைப்பிடித்த பூவிதழ். கண்டிப்பாகப் பார்த்தால், பலாவின் உண்மையான கனி கொட்டையை ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய உறையோடு முடிந்துவிடுகிறது. (முக்கனியில் மா உள்ளோட்டுச் சதைக்கனி, வாழை சதைக்கனி, பலா கூட்டுக்கனி. மூன்றும் மூன்று வகை.)

மகரந்தம் சரியாகச் சேராவிட்டால் இரண்டுமே கோணிப்போகும். சீத்தாப்பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகே மகரந்தம் உதிர்க்கும். நடுவில் சிறு வண்டுகள் வந்தாக வேண்டும். வண்டு குறைந்த இடத்தில் தூரிகையால் மகரந்தம் தடவுகிறார்கள். கருவுறாத சூலக இலை வளராமல் அந்தப் பக்கம் குழிந்துவிடும். பலாவில் தோற்ற பூவும் சடையாக உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்தத் தடயத்துக்காகவே பாடம் நடத்தப் பலாவைத்தான் சொல்வேன்.

அதே வேறுபாட்டைப் பிளாக்பெர்ரியிலும் மல்பெரியிலும் பார்க்கலாம். உருவத்தில் இரட்டைப்பிள்ளைகள், முதலாவது திரள்கனி, இரண்டாவது கூட்டுக்கனி. அன்னாசியும் அத்தியும் பலாவின் பக்கம். அத்தியில் மட்டும் பூக்கள் உட்புறமாக அடைபட்டிருக்கும்.

வகுப்புக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: சீத்தா என்றால் பழத்தோடு ஒரு பூவையும் பறித்துப் போங்கள், இதழை நீக்கினாலே பாதிப் பாடம் முடிந்தது. பலா என்றால் முழுப்பழம் வேண்டாம், குறுக்கே வெட்டிய ஒரு வட்டத்துண்டு போதும். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவாமல் தொடாதீர்கள். மரத்தடியில் கறுத்து உதிர்ந்து கிடக்கும் விரல் நீளக் கதிர்களையும் இரண்டு பொறுக்கிக்கொள்ளுங்கள். பிஞ்சு கொட்டுகிறதே என்று பலர் கவலைப்படுவது பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான். அவை வேலை முடிந்த ஆண்மஞ்சரிகள். எந்த மருந்து அடித்தாலும் காயாகாது.